லாகூரில் தொடங்கிய தொல்லை: வீட்டுக் கொம்பியூட்டருக்கு எந்த அன்டிவைரஸ்?

எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி: "பிள்ளைட கொம்பியூட்டருக்கு எந்த அன்டிவைரஸ் போடுறது?" ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும். ஆனால் நாற்பது வருடக் கதையைத் தெரிந்துகொண்டால், பெயரைவிட முக்கியமான விடயங்கள் சில இருப்பது விளங்கும். கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள்.

1986. பாகிஸ்தானின் லாகூர் நகரம். பாசித், அம்ஜத் ஃபாரூக் அல்வி என்ற இரு சகோதரர்கள் அங்கே ஒரு கணினிக் கடை வைத்திருந்தார்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைக் காசு கொடுக்காமல் பலர் பிரதி எடுக்கிறார்கள் என்பது அவர்களது கவலை. அதைக் கண்டுபிடிக்கத்தான் 'பிரெயின்' என்ற சிறிய நிரலை எழுதியதாகப் பின்னர் சொன்னார்கள். அது ஃப்ளொப்பி டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த ஃப்ளொப்பியைப் போட்டால் அதற்கும் தொற்றிவிடும். அதற்குள்ளே தங்கள் பெயர், கடை விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் எழுதி, தடுப்புமருந்துக்குத் தொடர்புகொள்ளுங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நாளில் அமெரிக்காவிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் அழைப்புகள் வரத் தொடங்கின. ஐபிஎம் வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் என்று வரலாறு பதிவு செய்திருப்பது இதைத்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த வைரஸ் தானாகக் கடல் தாண்டவில்லை. மனிதர்கள் கைக்குக் கை மாற்றிய பிரதிகளில் ஏறித்தான் போனது. இன்று எம்மவர்கள் 'கிரக்' செய்த மென்பொருளை இறக்கும்போது நடப்பதும் அதே கதைதான். "இதைப் போடுவதற்கு முன்னர் அன்டிவைரஸை ஓஃப் பண்ணுங்கள்" என்று அந்தக் கிரக்குடன் ஒரு குறிப்பும் வரும். வீட்டுக்குள் வருபவன் முதலில் காவலாளியை அனுப்பிவிடச் சொன்னால் அவனை நம்புவோமா? இதில் பெரிய வேடிக்கை, அன்டிவைரஸையே கிரக் பண்ணிப் போடுவது.

1987 அளவில் ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா, அமெரிக்கா என்று பல இடங்களில் அன்டிவைரஸ் மென்பொருள்கள் பிறந்தன. ஆரம்ப முறை எளிமையானது. பிடிபட்ட ஒவ்வொரு வைரஸின் 'கைரேகையையும்' ஒரு பட்டியலில் சேர்ப்பது. கணினியில் உள்ள கோப்புகளை அந்தப் பட்டியலோடு ஒப்பிடுவது. அதனால்தான் அப்டேட் இல்லாத அன்டிவைரஸ் பழைய கள்ளர்களின் படத்தை மட்டும் வைத்திருக்கும் பொலிஸ் மாதிரி. இன்றைய மென்பொருள்கள் நிரலின் நடத்தையையும் பார்க்கின்றன. என்றாலும் அப்டேட்டின் தேவை குறையவில்லை.

இதே காலத்தில் ஃப்ரெட் கோஹன் என்ற அமெரிக்க ஆய்வாளர், எல்லா வைரஸையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் ஒரு மென்பொருளை எழுதவே முடியாது என்று நிறுவினார். அவரது வாதத்தைத் தரம் 10 பிள்ளைக்கும் விளங்கப்படுத்தலாம். அப்படி ஒரு பூரணமான அன்டிவைரஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிரல் அதனிடம் "நான் வைரஸா?" என்று கேட்கிறது. "ஆம்" என்றால் அந்த நிரல் ஒன்றும் செய்யாது. "இல்லை" என்றால் பரவத் தொடங்கும். எந்தப் பதிலைச் சொன்னாலும் அன்டிவைரஸ் பிழைத்துவிடும். ஆகவே "100% பாதுகாப்பு" என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் அது விளம்பரம் மட்டுமே.

விளம்பரத்தின் பலத்தை 1992 காட்டியது. மைக்கேல் ஆஞ்சலோவின் பிறந்த நாளான மார்ச் 6 அன்று ஒரு வைரஸ் ஹார்ட் டிஸ்க்குகளை அழிக்கப் போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. ஐம்பது இலட்சம் கணினிகள் வரை பாதிக்கப்படலாம் என்ற பேச்சும் அடிபட்டது. அன்டிவைரஸ் விற்பனை சூடுபிடித்தது. அந்த நாள் வந்து போனபோது பாதிக்கப்பட்டவை சில ஆயிரம், மிஞ்சினால் இருபதாயிரம் அளவில்தான். வைரஸ் உண்மை, பயம் அதைவிடப் பல மடங்கு. இன்றும் திரையில் திடீரென்று "உங்கள் கணினியில் 37 வைரஸ்கள்!" என்று சிவப்பு எழுத்து வந்தால் இதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பிரவுசரில் வரும் அப்படியான அறிவிப்பு அநேகமாகப் பொய். அதிலுள்ள இலக்கத்துக்கு அழைக்க வேண்டாம். அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

2000 மே 4. மணிலாவிலிருந்து 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. இணைப்பாக வந்தது காதல் கடிதம் போலத் தெரிந்த ஒரு கோப்பு. விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை மறைத்துக் காட்டியதால், அது கடிதமல்ல, ஒரு நிரல் என்பது பலருக்குத் தெரியவில்லை. சில நாட்களில் உலகமெங்கும் இலட்சக்கணக்கான கணினிகள் மாட்டின. எழுதிய மாணவரைக் கண்டுபிடித்தும் தண்டிக்க முடியவில்லை. அப்போது பிலிப்பைன்ஸில் அதற்கான சட்டம் இருக்கவில்லை. எமது நாட்டில் கணினிக் குற்றங்கள் சட்டம் வந்தது 2007இல்.

பிறகு வந்தது பென் ட்ரைவ் காலம். தவணைப் பரீட்சை வினாத்தாளை வீட்டில் டைப் செய்து, கொமியூனிகேஷனில் பிரிண்ட் எடுத்து, பாடசாலைக் கணினியிலும் செருகுகிறோம். மூன்று இடத்து நோயும் ஒரே பென்னில் சேர்ந்துவிடும். செருகியவுடன் தானாக இயங்கும் 'ஓட்டோரன்' வசதியைப் பயன்படுத்தி 2008இல் கொன்ஃபிக்கர் போன்றவை பரவின. 2011இல் மைக்ரோசொஃப்ட் ஒரு அப்டேட் மூலம் பழைய விண்டோஸ்களிலும் அந்த வசதியை முடக்கியது. ஆனாலும் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு 'ஷோர்ட்கட்' மட்டும் காட்டும் தொல்லை இன்னும் எம்மை விடவில்லை. அப்படி வந்தால் பதறி ஃபோர்மெட் அடித்துவிடாதீர்கள். பெரும்பாலும் கோப்புகள் உள்ளேயே மறைந்து கிடக்கும். ஷோர்ட்கட்டைத் தட்டாமல் முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு மறைந்த கோப்புகளையும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி அமைப்பை மாற்றிப் பாருங்கள்.

2017 மே 12 அன்று வந்த 'வன்னாகிரை' மோசமானது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டொலர் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டின. இங்கிலாந்தில் வைத்தியசாலைகளே ஸ்தம்பித்தன. கவலை என்னவென்றால், அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சில் வெளிவந்திருந்தது. பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டவர்களே அதிகம் மாட்டினார்கள்.

காவலாளியே தடுக்கி விழுந்த கதைகளும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கஃபி அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கிய கோப்பு ஒன்றையே வைரஸ் என்று நினைத்துப் பிடித்தது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகின. 2024 ஜூலை 19இல் நிறுவனங்கள் பயன்படுத்தும் கிரவுட்ஸ்ட்ரைக்கின் பிழையான அப்டேட்டால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன, விமானங்கள் ரத்தாகின. அதே வருடம், இலவச அன்டிவைரஸ் மூலம் திரட்டிய பாவனையாளர்களின் இணையத் தரவை விற்றதற்காக அவாஸ்ட் நிறுவனம் 1 கோடி 65 இலட்சம் டொலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு அறிவித்தது.

சரி, வீட்டுக்கு என்ன செய்யலாம்?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் கூடவே வருகிறது. சாதாரண வீட்டுப் பாவனைக்கு, அப்டேட் சரியாக நடந்தால், அது போதும். காசு கொடுத்து வேறொன்று வாங்குவதென்றால், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஒஸ்ட்ரியாவின் ஏவி-கம்பரேட்டிவ்ஸ் போன்ற சுயாதீன ஆய்வுகூடங்களின் முடிவுகளைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு அன்டிவைரஸை ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள். ஒன்றையொன்று சந்தேகித்துக் கணினியை நத்தையாக்கிவிடும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் எடுங்கள். ஓட்டை விழுந்த கூரையின் கீழ் எந்தக் காவலாளியை நிறுத்தியும் பயன் குறைவு.

அன்டிவைரஸ் அப்டேட் ஆக மறுத்தால் முதலில் திகதியையும் நேரத்தையும் பாருங்கள். பழைய கணினியில் மதர்போர்ட் பற்றரி செத்துவிட்டால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். பாதுகாப்பான இணைப்பு கிடைக்காமல் அப்டேட் நின்றுவிடும். சிறிய பற்றரியை மாற்றினாலே தீரும். அடுத்து டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய அன்டிவைரஸின் மிச்சம் தடையாக இருந்தால், அந்த நிறுவனமே தரும் அகற்றும் கருவியால் துடைத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். வைரஸ் போக மறுத்தால் டிஃபெண்டரின் 'ஓஃப்லைன் ஸ்கேன்' உண்டு. விண்டோஸ் முழுதாக எழும்ப முன்னரே அது தேடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிரதி. பிள்ளையின் செயற்றிட்டம், புள்ளிப் பதிவு, மௌத்தான வாப்பாவின் கடைசிப் படம். இவற்றை எந்த அன்டிவைரஸும் திருப்பித் தராது. ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் மாதம் ஒருமுறை பிரதி எடுத்து, கழற்றி அலுமாரியில் வையுங்கள். செருகியபடியே வைத்தால் வன்னாகிரை மாதிரி ஒன்று வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இந்த வாரமே ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து அப்டேட், கடிகாரம், பிரதி மூன்றையும் பாருங்கள். சிக்கல் ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்தவர்கள் சேர்ந்து பதில் சொல்வோம்.