பூனைக்கு வந்த நாட்டின் பெயர்

பதுளைப் பக்கம் லயத்து இஸ்தோப்புல சுருண்டு கிடக்குற மணல் நிறப் பூனையை யாரும் ரெண்டாவது தடவை பார்க்கிறதில்ல. காலிலும் வாலிலும் வரிகள், நெத்தியில நாகபடம் மாதிரி ஒரு குறி. ஆளோட சீக்கிரம் ஒட்டிக்கும், எதையும் எட்டிப் பார்க்கும்.

1984இல் இலங்கைக்கு வந்த மிருக வைத்தியர் பாவோலோ பெல்லெகாட்டா இந்தச் சாயல் பூனைகள் சிலவற்றை இத்தாலிக்குக் கொண்டுபோனார். அங்கே அவை 'சிலோன்' என்ற தனி இனமாயின.

அதே வருசம் மலையகத்தில் ஆயிரக்கணக்கானோர் நாடற்றவர்கள். 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானோரை வெளியே நிறுத்தியிருந்தது. மிச்சமிருந்தவர்களுக்கான சட்டம் 2003இல்தான் வந்தது. நாட்டின் பெயரைப் பூனை ஒரே பயணத்தில் வாங்கிடுச்சு; அதுக்குச் சோறு வச்ச சனம் 55 வருசம் காத்திருந்துச்சு.