பெயரிழந்த பணிப்பட்டை

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வெளிவந்தபோது திரையின் அடியில் சாம்பல் நிறப் பட்டையொன்று வந்தமர்ந்ததை நம்மில் பலர் நினைவுகூரலாம். திறந்துள்ள சாளரம் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பொத்தான். பொத்தானின்மேல் அச்சாளரத்தின் பெயர். சுவடிக் கட்டில் பெயர்ச்சீட்டுத் தொங்கவிடுவது போன்ற ஏற்பாடு.

2001இல் எக்ஸ்பி, இடம் போதாதபோது ஒரே செயலியின் சாளரங்களை ஒரு பொத்தானுக்குள் அடக்கியது. 2009இல் விண்டோஸ் 7 பெயரை மறைத்துச் சின்னத்தை மட்டும் முன்னிறுத்தியது. எனினும் பெயர் வேண்டுவோர் மாற்றிக்கொள்ள வழி வைத்திருந்தது. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 அவ்வழியை அடைத்தது. பட்டையைப் புதிதாக எழுதியவர்கள் பழைய வசதிகள் பலவற்றை உடன் கொண்டுவரவில்லை. பட்டையைப் பக்கவாட்டில் நிறுத்தும் வசதியும் அப்போது போயிற்று.

இது அற்பமான இழப்பா? பாடபேதம் ஒப்பிடுபவரை எண்ணிப் பாருங்கள். ஏட்டுப்படி, முதற்பதிப்பு, உரைகாரர் கொண்ட பாடம் என எட்டுக் கோப்புகள். எட்டும் ஒரே சின்னத்துக்குள். சுட்டியை அதன்மேல் நிறுத்தினால் சிறு படங்கள் எழும். எல்லாம் வெள்ளைத் தாளில் கருப்பு வரிகளே. திருத்தம் ஒருமுறை தவறான கோப்பில் ஏறிவிட்டால் பாடமே கெடும். அழகுக்காகச் செய்தது என்பார்கள். (தேடியது உடனே கைக்கு வருவதே அழகு என்பது நம் கட்சி.)

பயனர்கள் விடாது முறையிட்டனர். சிலர் விண்டோஸ் 10ஐ விட்டு நகரவில்லை. சிலர் பழைய பட்டையை மீட்டுத்தரும் பிறர் மென்பொருள்களை நாடினர். 2023இல் பெயர்கள் திரும்பின. ஆனால் தாமாக அல்ல. அமைப்புகளுக்குள் தேடிச்சென்று நாமே அவற்றை வரவழைக்க வேண்டியிருந்தது.