எல்லையில் நின்றுபோன போனஸ்

1959-ல் பிரான்சின் அட்லாண்டிக் கரையில் உள்ள லா போல் என்ற ஊரில் காப்பீட்டுக் கணித வல்லுநர்கள் கூடினார்கள். ஆஸ்டின் என்ற அவர்களது சர்வதேச அமைப்பு பிறந்து இரண்டே ஆண்டுகள். அதன் முதல் கருத்தரங்கு அது. முழுக் கருத்தரங்குக்கும் அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே ஒன்று: இழப்பீடு கேட்காமல் ஆண்டை ஓட்டிய வாகனக்காரருக்கு பிரீமியத்தில் எவ்வளவு தள்ளுபடி கொடுப்பது நியாயம்?

இதற்குப் போய் ஒரு கருத்தரங்கா என்று தோன்றலாம். ஆனால் கணக்கு எளிதல்ல. ஒருவர் ஓராண்டு விபத்தில்லாமல் ஓட்டினார் என்பதை வைத்து அவர் நிதானமானவர் என்று சொல்லிவிட முடியாது. மோசமாக ஓட்டுபவருக்கும் பல ஆண்டுகள் ஒன்றும் நடக்காமல் போகும். ஐந்து, பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தால்தான் ஏதாவது புலப்படும். ஓட்டுநரின் வயது, ஊர், வண்டியின் குதிரைத்திறன் என எதைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், அவர் கடந்து வந்த ஆண்டுகளுக்கு ஈடான சாட்சி வேறில்லை. அந்த ஆண்டுகளை வாழ்ந்தவர் ஓட்டுநர். அவற்றின் பதிவேடோ நிறுவனத்தின் அலமாரியில் இருந்தது. நாடு விட்டு நாடு போனவர்கள் பட்ட பாடெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

பிரிட்டனில் மோட்டார் காப்பீடு 1890-களின் கடைசியிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. 1930-ன் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதை எல்லார் தலையிலும் கட்டியது. 1931 ஜனவரி 1 முதல் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டுவது குற்றம். பெரிய நிறுவனங்கள் பல, ஆக்சிடென்ட் ஆபீசஸ் அசோசியேஷன் என்ற கூட்டமைப்பில் சேர்ந்து ஒரே கட்டண அட்டவணையைப் பின்பற்றின. உறுப்பினர்களுக்குள் நடைமுறை ஒன்றாக இருந்ததால், வாடிக்கையாளர் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ரினியூவல் நோட்டீஸைக் கையில் கொண்டுபோனால் வேலை முடிந்தது. அந்த ஒற்றைத் தாளில் அவர் ஈட்டிய போனஸ், அதாவது தள்ளுபடி விகிதம் இருந்தது.

1960-களில் அட்டவணைக்கு வெளியே நின்று மலிவு விலையில் பாலிசி விற்கும் நிறுவனங்கள் முளைத்தன. அவற்றில் ஒன்றின் கதை தமிழருக்கு ஒரு வகையில் தெரிந்த பெயரோடு வருகிறது. இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எமில் சவுந்தரநாயகம், லண்டனில் எமில் சவுந்த்ரா என்று பெயரைச் சுருக்கிக்கொண்டு, 1963-ல் ஃபயர், ஆட்டோ அண்ட் மரீன் என்ற காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1966-ல் அது கவிழ்ந்தபோது சுமார் 4 லட்சம் வாகன ஓட்டிகள் காப்பீடு இல்லாமல் நடுத்தெருவில் நின்றார்கள். 1967-ல் டேவிட் ஃப்ராஸ்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாதிக்கப்பட்டவர்களின் முன்னாலேயே அவர் இறுமாப்போடு பேசியதை நாடே பார்த்தது. அடுத்த ஆண்டு எட்டாண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. 1971-ல் வெஹிக்கிள் அண்ட் ஜெனரல் நிறுவனமும் விழுந்தது. பிரிட்டிஷ் வாகன ஓட்டிகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அதன் வாடிக்கையாளர். 1975-ல் பாலிசிதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கு இந்த விழுகைகளும் காரணம். பணம் போனதைப் பற்றித்தான் எல்லாரும் எழுதினார்கள். ஓட்டுநரின் நன்னடத்தைக்கு ஒரே சாட்சி ஒரு தனியார் நிறுவனம் என்றால், அது மூடப்பட்ட பிறகு யாரிடம் போய்ச் சான்றுக் கடிதம் கேட்பது? அந்தக் கேள்வியும் அதே அளவுக்குப் பெரியது.

பிரான்ஸ் இந்தக் கேள்வியை அரசின் கையில் எடுத்துக்கொண்டது. 1976-ல் நாடு முழுவதற்கும் ஒரே போனஸ்–மாலுஸ் முறை வந்தது. பிரீமியத்தைப் பெருக்கும் எண் புது ஓட்டுநருக்கு 1.00. விபத்தில்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் அதை 0.95-ஆல் பெருக்க வேண்டும். இரண்டு தசம இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். 0.95, 0.90, 0.85, 0.80, 0.76 என்று இறங்கி, 13-ம் ஆண்டில் 0.50-ஐத் தொடும். அதற்குக் கீழே இறங்காது. தன் தவறால் விபத்து நடந்தால் 1.25-ஆல் பெருக்கல், பாதித் தவறு என்றால் 1.125. மேல் வரம்பு 3.50. 0.50-ல் மூன்று ஆண்டுகள் நின்றவருக்கு முதல் விபத்து மன்னிக்கப்படும். எந்த நிறுவனத்தில் பாலிசி எடுத்தாலும் இந்த எண் கூடவே வரும்.

அதைக் காட்டும் தாளின் பெயர் ரெலவே தான்ஃபோர்மாசியோன். பார்க்க எளிய தாள்தான்: பாலிசி தொடங்கிய நாள், வண்டி எண், பாலிசிதாரரின் பெயர், பிறந்த தேதி, உரிமம் பெற்ற தேதி, பாலிசியில் பெயர் உள்ள மற்ற ஓட்டுநர்கள், கடந்த ஐந்தாண்டு விபத்துகள், ஒவ்வொன்றிலும் யார் பக்கம் எவ்வளவு தவறு, கடைசியில் அந்த எண். கேட்ட 15 நாளுக்குள் நிறுவனம் அதைக் கொடுத்தாக வேண்டும். சலுகையாகக் கிடைத்துவந்த கடிதத்தை உரிமையாக்கியதுதான் இந்த முறையின் பெரிய சாதனை.

ஆனால் பிரான்சில் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்த ஓர் ஆங்கிலேயர் இந்தத் தாளோடு ஊர் திரும்பினால்? பிரிட்டிஷ் நிறுவனம் ஆண்டுகளை எண்ணுகிறது. தாளில் இருப்பது 0.50. அது 13 ஆண்டா, 30 ஆண்டா என்று அந்த எண் சொல்லாது. ஜெர்மனியிலிருந்து வருபவரின் தாளில் எஸ்.எஃப். எனப்படும் இழப்பீடில்லா வகுப்பின் எண் இருக்கும். அது ஆண்டுக்கணக்கை ஒட்டியது என்றாலும், பெற்றோர் ஈட்டிய வகுப்பைப் பிள்ளைக்கு மாற்றித் தர அங்கே வழி உண்டு. ஆகவே வகுப்பு எண்ணுக்கும் அவர் உண்மையில் ஓட்டிய ஆண்டுகளுக்கும் தொடர்பில்லாமலும் போகலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நிலைமை வேறு. அமெரிக்க நிறுவனம் ஓட்டுநரின் அரசுப் பதிவையும் இழப்பீட்டுத் தரவுத்தளத்தையும் தானே பார்த்துக்கொள்ளும். வாடிக்கையாளர் கையில் தாள் எதுவும் இருப்பதில்லை. அங்கிருந்து கிளம்புபவர்கள் 'லெட்டர் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று தனியாக எழுதி வாங்க வேண்டியிருக்கிறது.

இவற்றோடு காலக்கெடுவும் சேர்கிறது. பாலிசி முடிந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டால் பழைய போனஸ் செல்லாது என்பது பிரிட்டிஷ் நிறுவனங்களிடையே பரவலான வழக்கம். மூன்றாண்டு வேலைக்காக வெளிநாடு போய், கம்பெனி கொடுத்த காரையோ பேருந்தையோ நம்பி வாழ்ந்தவர், இருபது ஆண்டுச் சுத்தமான பதிவை இழந்து பூஜ்யத்திலிருந்து தொடங்குவார். ஓட்டாமல் இருந்ததற்காக ஒருவர் ஓட்டிய ஆண்டுகளையே அழிப்பது நியாயமில்லை. கைப்பழக்கம் குறையும் என்பதற்காகக் கொஞ்சம் கழிக்கலாம். முழுவதையும் துடைப்பதற்கு லா போலில் கூடியவர்களின் கணக்கில்கூட ஆதாரம் கிடைக்காது.

ஐரோப்பிய ஒன்றியம் மெல்லத்தான் அசைந்தது. 2005-ன் ஐந்தாவது மோட்டார் காப்பீட்டு உத்தரவு, குறைந்தது கடந்த ஐந்தாண்டுகளின் இழப்பீட்டு விவரத்தை 15 நாளுக்குள் எழுதித் தரும்படி கேட்க ஒன்றியம் முழுவதிலும் உள்ள பாலிசிதாரர்களுக்கு உரிமை கொடுத்தது. ஆனால் கொடுப்பவரைக் கட்டாயப்படுத்திய சட்டம், வாங்கிப் பார்ப்பவரை அதை மதிக்கும்படி சொல்லவில்லை. 2021-ல் வந்த திருத்தம் அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது: இன்னொரு உறுப்பு நாட்டில் பெற்ற சான்று என்பதற்காகவோ, ஓட்டுநரின் குடியுரிமைக்காகவோ பாகுபாடு காட்டக்கூடாது, சான்றும் எல்லா நாட்டிலும் ஒரே படிவத்தில் இருக்க வேண்டும். அந்தப் படிவம் 2024 ஜூலையில் வெளியானது. லா போல் கூட்டம் நடந்து 65 ஆண்டுகள்! அதற்குள் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டே போயிருந்தது. பாரிசிலிருந்து பெர்லினுக்குப் போகும் ஓட்டுநருக்குக் கிடைத்த உரிமை, பாரிசிலிருந்து லண்டனுக்குப் போகிறவருக்கு இல்லை. அங்கே நிறுவனம் பார்த்து வைத்ததுதான் சட்டம்.

இந்தியா இந்த விஷயத்தில் பலரும் நினைப்பதைவிட முன்னால் இருந்திருக்கிறது. 1939-ன் மோட்டார் வாகனச் சட்டம் விதித்த மூன்றாம் நபர் காப்பீடு 1946-ல் கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. 1973-ல் 107 நிறுவனங்கள் நான்கு அரசு நிறுவனங்களாகத் தொகுக்கப்பட்டன. அவற்றில் யுனைடெட் இந்தியாவுக்குச் சென்னை தலைமையகமானது. எல்லாருக்கும் ஒரே கட்டண விதி. 2002 ஜூலை 1-ல் வந்த இந்திய மோட்டார் டாரிஃபின் 27-ம் விதி, நோ கிளெய்ம் போனஸை 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஐந்து படியாக வகுத்தது. பழைய விதியின்படி 55 அல்லது 65 சதவீதத்துக்கு வந்துவிட்டவர்களுக்கு, இனி ஒரு கிளெய்ம் வரும்வரை அது தொடரும் என்ற பாதுகாப்பும் தந்தது. போனஸ், சொந்த வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான். தேர்ட் பார்ட்டிக்குக் கிடையாது. பம்பரில் கீறல் விழுந்தால் கிளெய்ம் போடுவதா, டிங்கரிங் ஷெட்டில் கைக்காசு கொடுத்துச் சரிசெய்துவிடுவதா என்று வண்டிக்காரர்கள் யோசிப்பது இந்தப் படிகளை வைத்துத்தான்.

போனஸ் வண்டியோடு போகாது, ஆளோடுதான் வரும் என்று அந்த விதி தெளிவாகச் சொன்னது. முந்தைய நிறுவனத்தின் ரினியூவல் நோட்டீஸோ கடிதமோ கையில் இல்லாவிட்டால், 'நான் கோரும் போனஸ் சரியானது, கிளெய்ம் எதுவும் எழவில்லை' என்று கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். புது நிறுவனம் 21 நாளுக்குள் பழைய நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். பழைய நிறுவனம் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். சொன்னது பொய் என்றால் ஓன் டேமேஜ் பயன்கள் முழுவதும் போய்விடும். முதலில் ஆளை நம்பி, பிறகு சரிபார்க்கும் முறை இது. சரிபார்க்கும் அலைச்சலை வாடிக்கையாளரின் தோளிலிருந்து நிறுவனத்தின் மேல் மாற்றியதற்காகவே பாராட்டலாம்.

அதே விதிக்குள் அதிகம் பேசப்படாத ஓர் உட்பிரிவு உண்டு. வெளிநாட்டில் ஈட்டிய போனஸுக்குச் சான்று காட்டினால், இந்தியாவில் எடுக்கும் புதுப் பாலிசியிலும் அதைத் தரலாம். வெளிநாட்டுப் பாலிசி முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் இங்கே பாலிசி எடுத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐரோப்பியத் திருத்தத்துக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே எழுதப்பட்ட வரி அது. 2007 ஜனவரியில் ஓன் டேமேஜ் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்றான பிறகும் போனஸ் படிகள் மாறவில்லை.

துபாயிலோ குவைத்திலோ நெடுங்காலம் கார் ஓட்டிவிட்டுத் திருச்சியில் வந்து இறங்கும் ஒருவருக்கு இந்த உட்பிரிவு நேரடியாகப் பயன்படும். சிக்கல் சான்று வாங்குவதில். காரை விற்று, விசாவை ரத்து செய்து, அங்குள்ள போன் எண்ணையும் முடக்கிவிட்டு வந்தபின் பழைய நிறுவனத்தோடு தொடர்புகொள்வது பெரும்பாடு. பாலிசிதாரரின் பெயர், பாலிசி எண், அது தொடங்கி முடிந்த தேதிகள், கிளெய்ம் இல்லாத ஆண்டுகளின் எண்ணிக்கை ஆகிய நான்கும் உள்ள கடிதத்தை, கிளம்பும் முன்பே நிறுவனத்தின் முத்திரையோடு வாங்கிவிட வேண்டும். மூன்றாண்டுக் கணக்கு, அவர் விமானம் ஏறிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. அந்தக் கடிதத்தில் பாலிசி முடிந்ததாகக் குறித்த தேதியிலிருந்து தொடங்குகிறது.