பபூன் செய்த சமாதானம்

ஆலயப் பிரவேச விவகாரத்தில் மூண்ட பகை முற்றி, 1899-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி சிவகாசியில் வீடுகள் எரிந்து உயிர்கள் மாய்ந்த கலகத்தைச் சர்க்கார் ஆயுதபலத்தால் அடக்கியது சரித்திரப் பிரசித்தம். சில்லறைக் கலவரங்களை அடக்கியவரோ வேறொருவர். அவ்வட்டாரத்துப் பொங்கல் விழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில், நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் கதாநாயகி வள்ளி மேடையேறுமுன்னரே பிரவேசிக்கும் கோமாளியாகிய பபூன், ஆர்மோனியக்காரரோடு வாதாடி, நடனக்காரியிடம் தோற்று, தன்னையே பரிகாசப் பொருளாக்கி, இடத்துக்காகச் சச்சரவிட்டு எழுந்து நிற்கும் ஜனங்களைச் சிரிக்கவைத்து உட்கார்த்திவிடுவார். போலீஸ் தடியினும் இது மேலான உபாயம் என்பேன்; அந்த ஹாஸ்யம் சமயங்களில் ஆபாசத்தில் இறங்கியதும் உண்மையே. 1923-இல் மதுரையில் நாடக நடிகர்கள் சங்கம் கண்ட பின்னரும், கதாநாயகனாகிய ராஜபார்ட்டுக்குரிய மதிப்பு பபூனுக்குக் கிட்டவில்லை.