எடோவில் ஒரு டச்சுப் புத்தாண்டு

1795 ஜனவரி முதல் தேதி. ஜப்பானின் பழைய நாட்காட்டிப்படி முந்தைய ஆண்டு இன்னும் முடியவில்லை. ஆனால் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், மருத்துவர் ஓட்சுகி கென்டாகு ‘டச்சுப் புத்தாண்டு’ விருந்து வைத்தார். அந்தக் காட்சியை வரைந்த ஓவியம் இன்றும் இருக்கிறது. விருந்தாளிகள் தரையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். எதிரே கத்தி, முள்கரண்டி, ஒயின் கோப்பைகள். ஒரு டச்சுக்காரர்கூட இல்லை.

ஓவியத்தில் இருப்பவர்களில் ஐரோப்பாவைக் கண்ணால் கண்டவர் தைகோகுயா கோதாயு. புயலில் திசை தவறி, ரஷ்யா வரை போய், பேரரசி கேத்தரினையும் பார்த்துவிட்டு 1792இல் ஊர் திரும்பிய கப்பல் தலைவர். அவர் பார்த்ததும் ரஷ்யாவைத்தான், ஹாலந்தை அல்ல!

கடல் கடந்து போய்த் திரும்பினால் மரண தண்டனை என்று 1635இலேயே ஆணை பிறந்திருந்தது. 1641 முதல் டச்சு வணிகர்களும் நாகசாகியை ஒட்டிய தெஜிமா என்ற குட்டித் தீவில் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த சரக்கில் சோழமண்டலக் கரைத் துணியும் உண்டு. நம் சாந்தோமின் பெயரிலேயே கோடு போட்ட பருத்தித் துணி ஜப்பானில் விலைபோனது. 1720இல் ஆட்சியாளரான ஷோகன் யோஷிமுனே அந்நியப் புத்தகங்கள் மீதான தடையைத் தளர்த்தியதும் ஆர்வம் ஏட்டின் பக்கம் திரும்பியது.

1771இல் எடோவின் கொலைக்களத்தில் ஒரு பிணத்தை அறுத்துக் காட்டினார்கள். சுகிதா கென்பாகு, மாயேனோ ர்யோதாகு என்ற மருத்துவர்கள் இருவரும் ஒரே டச்சு உடற்கூறு நூலைக் கையோடு கொண்டுபோயிருந்தார்கள். படமும் உடலும் அப்படியே பொருந்தின. காலங்காலமாக நம்பிவந்த சீன மருத்துவப் படங்கள் பொருந்தவில்லை. மறுநாளே மொழிபெயர்ப்பில் இறங்கினார்கள். உருப்படியான அகராதி கிடையாது. ர்யோதாகுவுக்குச் சில நூறு சொற்கள் தெரியும். சுகிதாவுக்கு எழுத்தே புதிது. எப்படியோ முட்டி மோதி 1774இல் நூலை வெளியிட்டார்கள். பெரும்பாடுபட்ட ர்யோதாகுவின் பெயர் மட்டும் அதில் இல்லை.

ர்யோதாகு நகாட்சு சிற்றரசின் மருத்துவர். அங்கே இந்த டச்சு மோகம் அரண்மனை வரை ஏறியது. பின்னாளில் அங்கு ஆண்ட ஒகுதைரா மசாதகா, ‘ஃப்ரெடெரிக் ஹென்ட்ரிக்’ என்று டச்சுப் பெயரே சூடிக்கொண்டார். வேடிக்கையாகத் தோன்றலாம், 1810இல் ஜப்பானிய–டச்சு அகராதி வெளிவரச் செய்தவரும் அவரே.

அரசு சும்மா இருக்கவில்லை. ஜப்பானிய வரைபடங்களைத் தெஜிமாவின் மருத்துவர் சீபோல்டுக்குக் கொடுத்த அரசு வானியலாளர் தகாஹாஷி ககேயாசு, 1829இல் சிறையிலேயே இறந்தார்.

அதே நகாட்சுவைச் சேர்ந்த ஃபுகுசாவா யுகிச்சி, 1858இல் எடோவில் டச்சுப் பள்ளி தொடங்கினார். மறு ஆண்டு, புதிதாகத் திறந்த யோகோஹாமா துறைமுகத்துக்குப் போனால், கடைப் பலகைகளை வாசிக்க முடியவில்லை. பேசியதும் யாருக்கும் புரியவில்லை. வந்திறங்கிய அந்நியர்கள் புழங்கியது ஆங்கிலம். ஃபுகுசாவா ஆங்கிலம் படிக்க உட்கார்ந்தார், டச்சு–ஆங்கில அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு.