நோய் தீர்க்கும் ஒளி

மாணவ நண்பர்களே, ஒளி நேர்கோட்டிற் செல்லும் என்றும், முப்பட்டகத்தினூடே புகுந்தால் ஏழு நிறங்களாகப் பிரியும் என்றும் பௌதிக வகுப்பில் படித்திருக்கிறீர்கள். அவ்வேழு நிறங்களுள் நீலம் ஒரு நோய்க்கும் சிவப்பு வேறொரு நோய்க்கும் மருந்தாக வந்து நிற்கின்றன என்பதை வகுப்பில் எடுத்துச் சொல்வோர் அரியர். அவை மருந்தான வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

வெயிலில் உடலைக் காட்டி நலம் பெறலாம் என்னும் எண்ணம் மிகப் பழையது. ஆயினும் வெயிலிலே வெப்பமும் உண்டு, ஒளியும் உண்டு. நலம் செய்வது எது? இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தவர் நீல்ஸ் ஃபின்சென் என்னும் டேனிஷ் மருத்துவர். 1860-ஆம் ஆண்டில் ஃபாரோ தீவுகளிற் பிறந்த இவர், இளமை முதலே தீராப் பிணியொன்றால் வருந்தியவர். அந்நாளில் ஐரோப்பாவில் முகத்தோலைப் பற்றி மூக்கையும் கன்னத்தையும் அரித்துவிடும் ஒருவகைக் காசநோய் இருந்தது. 1895-ஆம் ஆண்டில் ஃபின்சென், கரி வில்விளக்கின் கடும் ஒளியை வில்லைகளாற் குவித்து, இடையிலே நீரை நிறுத்தி வெப்பத்தை வாங்கிவிட்டு, சுடாத அவ்வொளியை மட்டும் புண்ணின்மேல் பாய்ச்சினார். குருதி நிறைந்த தோலினுள் ஒளி நன்கு புகாது என்று கண்டதனால், அவ்விடத்தை ஒரு வில்லையால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நோயாளியின் அருகிலும் ஒரு செவிலி மணிக்கணக்கில் அமர்ந்து அதனைச் செய்தாள். அடுத்த ஆண்டே கோபன்ஹேகனில் அவர் பெயரால் ஒளி மருத்துவ நிலையம் எழுந்தது. 1903-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டு, தம் 43-ஆம் வயதில், அவர் மறைந்தார்.

இதே ஃபின்சென், பெரியம்மை கண்டவர்களைச் செந்நிறத் திரையிட்ட அறையில் வைத்தால் வடுவின்றி ஆறும் என்றும் 1893-ஆம் ஆண்டில் எழுதினார். பல நாடுகளிற் செவ்வறைகள் தோன்றின. பிற்காலத்தில் ஆராய்ந்தோர் அதனாற் பயனில்லை எனக் கண்டு கைவிட்டனர். ஒரே அறிஞரின் இரு கருத்துகளில் ஒன்று நின்றது, மற்றொன்று உதிர்ந்தது. ஒளி மருத்துவத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதனை நினைவிற் கொள்வது நன்று என்பது என் எண்ணம். நின்ற கருத்துக்கும் நெடுநாள் வாழ்வில்லை. காசநோயை வெல்லும் மருந்துகள் 1940-களிற் பிறந்தபின் அவ்விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

ஒளி மீண்டும் மருத்துவமனைக்குள் வந்தது ஒரு செவிலித் தலைவியின் கண்வழியே. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் ரோச்ஃபோர்டு பொது மருத்துவமனை. அங்கே குறைமாதக் குழந்தைகளின் பகுதிக்குப் பொறுப்பாயிருந்தவர் ஜே. வார்டு என்னும் அம்மையார். புதிய காற்றும் இளவெயிலும் குழந்தைகளுக்கு நல்லவை என்பது அவர் நம்பிக்கை. ஆகவே வெயில் நாட்களில் தொட்டில்களை முற்றத்துக்குக் கொண்டு செல்வார். 1956-ஆம் ஆண்டுக் கோடையில் ஒருநாள், சுற்றிப் பார்க்க வந்த மருத்துவர்களிடம் ஒரு குழந்தையின் உடையை நீக்கிக் காட்டினார். உடல் வெளிறியிருந்தது, ஓரிடத்தில் மட்டும் முக்கோண வடிவில் அடர்ந்த மஞ்சள். அவ்விடத்தில் ஏதேனும் மருந்து பூசினீரோ என்று தலைமை மருத்துவர் வினவினார். அம்மையார் மறுத்தார். காமாலையால் குழந்தை முழுவதுமே மஞ்சளாயிருந்தது. துணியின் ஒரு மூலை மறைத்திருந்த இடத்தில் அது தங்கிவிட்டது. வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்துவிட்டது. நெடுங்காலம் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையிற் சொல்கிறேன்: கண்ணுக்கு எதிரே நிற்பதைக் காண்பது எளிதன்று. அம்மையார் கண்டார், கண்டதை உயர்ந்தோரிடம் சொல்லவும் துணிந்தார்.

அதன்பின் சில வாரங்களில் அடுத்த சான்று கிடைத்தது. காமாலை கண்ட குழந்தையொன்றின் குருதி, சோதனைக்காக எடுக்கப்பெற்ற குழாயிலேயே, சாளரத்தருகில் சில மணி நேரம் வெயிலிற் கிடந்தது. அளந்து பார்த்தபோது அதிலிருந்த மஞ்சட்பொருள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்திருந்தது. புதிதாக எடுத்த குருதியில் அப்பொருள் மிகுந்தேயிருந்தது. குழந்தையின் தோலில் நிகழ்ந்தது கண்ணாடிக் குழாயிலும் நிகழ்ந்தமையால் ஐயம் நீங்கியது. மருத்துவர் ரிச்சர்டு கிரெமரும் அவர் துணைவர்களும் நீல ஒளிக் குழல்விளக்குகளைத் தொட்டிலின்மேல் அமைத்து ஆய்ந்து, 1958-ஆம் ஆண்டில் லான்செட் இதழில் தம் முடிவை வெளியிட்டனர்.

இதில் என்ன இருக்கிறது என்று எண்ணாதீர்கள். பழைய செவ்வணுக்கள் சிதையும்போது பிலிரூபின் என்னும் மஞ்சட்பொருள் உண்டாகிறது. அதை நீரிற் கரையும் வடிவாக்கி வெளியேற்றுவது கல்லீரலின் தொழில். பிறந்த குழந்தையின், அதிலும் குறைமாதக் குழந்தையின், கல்லீரலுக்கு அவ்வாற்றல் போதாது. பிலிரூபின் அளவு மீறி மூளையிற் படிந்தால் குழந்தை இறக்கவும் கூடும். பிழைத்தாலும் செவிப்புலன் இழந்து, கைகால்கள் வசப்படாது வாழ நேரும். அந்நாளில் இதற்கிருந்த வழி, குழந்தையின் குருதியைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டுப் பிறர் குருதியைப் புகுத்துவதே. அதுவோ ஆபத்து நிறைந்தது. நீல ஒளி, அதிலும் 460 நானோமீட்டர் அளவையொட்டிய அலைநீளம், தோலிலுள்ள பிலிரூபின் மூலக்கூற்றின் வடிவத்தைத் திருப்பிவிடுகிறது. வடிவம் மாறியபின் கல்லீரலின் வேலைக்குக் காத்திராமல் அது பித்தத்தோடும் சிறுநீரோடும் வெளியேறுகிறது. 1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெரால்டு லூசி என்பாரும் அவர் குழுவினரும் ஒளி பெற்ற குழந்தைகளைப் பெறாதவரோடு ஒப்பிட்டு ஆய்ந்து காட்டியபின் இம்முறை உலகெங்கும் பரவியது. இன்று நம் ஊர் மருத்துவமனைகளிலும் கண்ணைத் துணியால் மறைத்து நீல விளக்கின்கீழ்க் கிடத்திய சிசுக்களைக் காணலாம்.

நம் வீடுகளிலும் பச்சிளங் குழந்தையை இளவெயிலிற் காட்டும் வழக்கம் உண்டல்லவா? அவ்வெயிலை விளக்குக்கு ஈடாகக் கொள்ளல் தவறு. வெயிலின் அளவைக் கட்டுப்படுத்த இயலாது. வெப்பமும் புறஊதாக் கதிரும் குழந்தைக்குத் தீங்கு செய்யும். மின்சாரம் தட்டுப்பாடாயுள்ள நைஜீரியாவில், தீய கதிர்களை வடிகட்டும் விதானத்தின்கீழ்க் குழந்தைகளை வைத்து ஆய்ந்தனர். வழக்கமான விளக்குக்கு அது தாழ்ந்ததன்று என 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அங்கும் வடிகட்டியதும், அளந்ததும், மருத்துவர் உடனிருந்ததும் கவனிக்கத்தக்கவை.

இனிச் சிவப்பு. அமெரிக்காவில் தியோடர் மெய்மன் 1960-ஆம் ஆண்டில் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். அதன் கூரிய செங்கதிர் கட்டிகளை எரித்தழிக்கும் என்னும் நம்பிக்கை மருத்துவரிடையே எழுந்தது. புடாபெஸ்டில் அறுவை மருத்துவராயிருந்த எண்ட்ரே மெஸ்டெர் அதனை எலிகளிற் சோதித்தார். மயிரை மழித்து, கட்டியைத் தோலினடியில் வைத்து, லேசரைப் பாய்ச்சினார். அவருடைய கருவியின் ஆற்றல் மிகக் குறைவு, கட்டி அழியவில்லை. ஆனால் ஒளி பட்ட எலிகளுக்கு மழித்த மயிர் மற்றவற்றைவிட விரைவாக முளைத்தது! 1967-ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த இச்செய்தியே மென்லேசர் மருத்துவத்தின் தொடக்கம். பின்னர் மெஸ்டெர் நெடுநாள் ஆறாத கால் புண்களையும் அவ்வாறே சோதிக்கலானார்.

வெப்பமே தராத மெல்லொளி உயிரணுவில் எதனைத் தூண்டுகிறது? உயிரணுவுக்கு ஆற்றல் வழங்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோக்ரோம் சி ஆக்சிடேஸ் என்றொரு நொதி உண்டு. அது சிவப்பையும் அகச்சிவப்பையும் உறிஞ்சுகிறது என்பது பெரிதும் கூறப்படும் விளக்கம். அறிஞர் அனைவரும் இதனை முடிந்த முடிபாக ஏற்றுக்கொள்ளவில்லை. சோதனைக்கூடத்தில் மற்றொன்றும் கண்டனர்: குறைந்த அளவு ஒளி தூண்டுகிறது, மிகுந்த அளவு தடுக்கிறது. ஆகவே அலைநீளம், ஆற்றல், நேரம் ஆகியவற்றைக் குறிக்காமல் ஒளி மருத்துவம் என்று மட்டும் சொல்வது, மருந்தின் பெயரும் அளவும் இல்லாத மருந்துச் சீட்டைப் போன்றது.

அவ்வாறு சொல்லி விற்போர் இன்று பலர். முழங்கால் வலி, வழுக்கை, மறதி என்று சிவப்பு விளக்குக் கருவிகளுக்குக் கூறப்படும் பெருமைகளுள் சிலவற்றுக்கு ஓரளவு சான்றுண்டு, பலவற்றுக்கு இல்லை. உறுதியாக நிலைத்த பயன் வேறோரிடத்தில் இருக்கிறது. தலையிலும் கழுத்திலும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுப் பெறுவோர்க்கும், எலும்பு மச்சை மாற்றுக்காகக் கடும் மருந்து பெறுவோர்க்கும் வாயெல்லாம் புண்ணாகி ஒரு மிடறு நீரும் விழுங்க முடியாமற் போகும். சிகிச்சை தொடங்கும்போதே வாயினுள் இம்மெல்லொளியை அளந்து பாய்ச்சினால் அப்புண் கடுமையாவதைத் தடுக்கலாம் என்று பன்னாட்டு மருத்துவ வல்லுநர் குழு தன் வழிகாட்டுதலிற் பரிந்துரைத்துள்ளது. எலியின் மயிரில் தொடங்கிய ஆராய்ச்சி அவர்களை உணவு உண்ண வைத்திருக்கிறது.