இழுவை இல்லாத வண்டியும் நான் தப்பாக நடத்திய ஒரு பாடமும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். நடுவில் வகுப்பு எடுப்பது போலத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள், முப்பத்தைந்து வருடப் பழக்கம்.

என் தம்பியிடம் பழைய பிக்கப் வண்டி ஒன்று இருப்பது சொந்தக்காரர்களுக்குத் தெரியும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு மளிகை, உர மூட்டை ஏற்றிப் போவான். திரும்பும்போது வாழைத்தார், அன்னாசி, பலா. அதில்தான் அந்தக் குடும்பம் ஓடுகிறது. நாலு மாதமாக வண்டிக்கு இழுவை இல்லை. பிக்கப் வண்டிக்கே பிக்கப் இல்லை என்று ஊரில் கிண்டல் வேறு. எழுபது கொண்டை ஊசி வளைவில் இருபதாவது வளைவு தாண்டுவதற்குள் முதல் கியரிலும் திணறும். ஓரம் கட்டி அரை மணி நேரம் நிறுத்தினால் மறுபடி கொஞ்ச தூரம் போகும்.

ஒரு பட்டறையில் டீசல் ஃபில்டர் மாற்றினார்கள், நாசில் கழற்றிச் சர்வீஸ் செய்தார்கள். சரியாகவில்லை. கடைசியில், "எஞ்சின் தேய்ஞ்சு போச்சு, இறக்கித்தான் பார்க்கணும், தொண்ணூறாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். தம்பி மனைவியின் வளையலை அடகு வைக்கப் பேச்சு நடந்தது. அதைக் கேட்டு மனசு பொறுக்காமல் என் வைப்புநிதியை உடைக்கலாம் என்று நான் கிளம்பினேன். பணம் கொடுக்கும் முன் இன்னொருவரிடம் காட்டிவிடலாம் என்று நாமக்கல்லில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் போனோம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். பெயர் போடவில்லை, போட்டால் திட்டுவான்.

அவன் ஸ்பேனரையே எடுக்கவில்லை. என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து டீ சொல்லிவிட்டுத் தம்பியிடம் கேள்வியாகக் கேட்டான். ஏறும்போது கரும்புகை வருதா? இல்லை. வெள்ளைப் புகை? இல்லை. நீலமா? இல்லை. எஞ்சின் சத்தம் ஏறி வண்டி மட்டும் நகராமல் நிற்குதா? இல்லை, எஞ்சினே அடங்குது. இறக்கத்தில் தானாக உருளுதா, பிடிச்ச மாதிரி நிற்குதா? நல்லா உருளுது.

ஒவ்வொரு கேள்விக்கும் அர்த்தம் இருக்கிறது என்று பிறகு விளக்கினான். கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை, ஏர் ஃபில்டரையோ டர்போ குழாயையோ பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அதுதான் தேய்மானத்தின் அடையாளம். எஞ்சின் சத்தம் ஏறி வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இறக்கத்தில் உருளாவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. புகையே இல்லாமல் எஞ்சின் அடங்கினால் எரிப்பதற்கு டீசலே போதவில்லை என்று அர்த்தம்.

"தேய்மானம்னா கொஞ்சம் கொஞ்சமா வருங்க டீச்சர். காலைல நல்லா இருந்து பத்து மணிக்குச் சாகாது. அரை மணி நேரம் நின்னா பொழைக்கவும் பொழைக்காது" என்றான்.

எனக்கு அங்கேயே ஒரு கணக்கு ஓடியது. வண்டியும் சரக்கும் சேர்ந்து இரண்டரை டன். ஏற்றம் சுமார் ஆயிரம் மீட்டர், நேரம் ஒரு மணி. 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்குவது ஒரு குதிரைத்திறன். 2,500 கிலோவை 1,000 மீட்டர் தூக்க, கணக்குப் போட்டால் ஒன்பது குதிரைகள் ஒரு மணி நேரம் உழைத்தால் போதும்! உருளும் தடை, பல்சக்கர இழப்பு எல்லாம் சேர்த்தாலும் இன்னும் சில குதிரைகள்தான். வண்டியிடம் இருப்பதோ அறுபதுக்கு மேல். பாதி தேய்ந்த எஞ்சின்கூட மெதுவாகவாவது ஏறிவிட வேண்டும். இது நிற்கிறது என்றால் குதிரைகள் கிழமாகவில்லை, பட்டினி கிடக்கின்றன.

இங்கேதான் வரலாற்றுக்கு வருகிறேன்.

ஜேம்ஸ் வாட் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கெட்டில் மூடி துள்ளியதைப் பார்த்து நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தவர். நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன், ஒரு மதிப்பெண் கேள்வியாகவும் கேட்டேன். அது தப்பு. வாட் பிறந்தது 1736. அதற்கு 24 வருடம் முன்பே, 1712-ல், இங்கிலாந்தில் டட்லி கோட்டைக்கு அருகே ஒரு சுரங்கத்தில் தாமஸ் நியூகோமன் என்ற இரும்பு வியாபாரி எஞ்சினை ஓட்டிவிட்டார். நிமிடத்துக்கு 12 முறை அசைந்து, ஒவ்வொரு முறையும் 45 லிட்டர் போல, 46 மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீர் இறைத்தது. கணக்குப் பார்த்தால் ஐந்தரைக் குதிரைத்திறன். இன்றைய கிணற்று மோட்டார் அளவுதான். ஆனால் கிட்டத்தட்ட ஒரு வீட்டு உயரத்துக்கு இருந்தது.

அந்த எஞ்சினைத் தள்ளியது நீராவி அல்ல என்பதுதான் வேடிக்கை. உருளைக்குள் நீராவியை நிரப்புவார்கள், உள்ளே குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி சுருங்கித் தண்ணீராகிவிடும், உள்ளே வெற்றிடம். வெளியே இருக்கும் காற்று பிஸ்டனை அழுத்தி இறக்கும். நாம் சும்மா கிடக்கிறது என்று நினைக்கும் காற்று, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது.

அந்தக் காலத்து ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு இதைப் படிக்கும்போது ஒரு தகர டப்பா ஞாபகம் வந்திருக்க வேண்டும். எண்ணெய் டின்னில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, ஆவி வரும்போது இறக்கி இறுக்கி மூடி, மேலே பச்சைத்தண்ணீர் ஊற்றுவோமே. யாரோ மிதித்த மாதிரி டின் நசுங்கும், நீங்கள் எல்லாம் கத்துவீர்கள். அந்த டின்தான் நியூகோமன் எஞ்சின். அறிவியல் பாடவேளையில் டின்னையும் சமூக அறிவியல் பாடவேளையில் வாட்டையும் நடத்தியது ஒரே ஆள், நான்தான். இரண்டையும் சேர்த்து ஒரு நாளும் சொன்னதில்லை.

சரி, வாட் என்ன செய்தார்? அவருடைய கதை தொடங்குவதே இழுவை இல்லாத ஒரு எஞ்சினில்தான். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். 1763-ல் பேராசிரியர் ஜான் ஆண்டர்சன், வகுப்பில் காட்டுவதற்கான நியூகோமன் எஞ்சின் மாதிரி ஒன்றைக் கொடுத்தார். உருளையின் விட்டம் இரண்டு அங்குலம்தான். லண்டனுக்கு அனுப்பிப் பழுது பார்த்தும் சரியாக வரவில்லை. வாட் ஓட்டிப் பார்த்தார். சில அசைவுகள், பிறகு நின்றுவிடும். கொதிகலன் போதுமான அளவில்தான் இருந்தது, ஆனாலும் நீராவி தீர்ந்துபோனது. அப்படியானால் நீராவி எங்கே போகிறது?

அளந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் குளிர்நீர் பீய்ச்சுவதால் உருளையே குளிர்ந்துவிடுகிறது. அடுத்து வரும் நீராவியின் பெரும்பகுதி அந்த உலோகத்தைத் திரும்பச் சூடாக்குவதிலேயே வீணாகிறது. நோய் புரிந்துவிட்டது, மருந்துக்கு இரண்டு வருடம் ஆனது. 1765-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோ பசுமைத் திடலில் நடந்துகொண்டிருந்தபோது, நீராவியைத் தனி அறைக்குக் கொண்டுபோய்க் குளிர வைக்கலாமே என்று தோன்றியது. காப்புரிமை 1769. கெட்டிலுக்கு இதில் வேலையே இல்லை. ஒரு மெக்கானிக்கின் வேலை அது, நல்ல மெக்கானிக்கின் வேலை.

குதிரைத்திறன் என்ற அளவையும் அவர்தான் நிலைநிறுத்தினார். குதிரை பூட்டி வேலை செய்தவர்களிடம் எஞ்சின் விற்க வேண்டும், எத்தனை குதிரைக்குச் சமம் என்று சொன்னால்தானே வாங்குவார்கள். வியாபாரத்திலும் கெட்டிக்காரர்.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொரு கருவி. வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் 1796-ல் ஒழுங்குபடுத்தியது. உருளைக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதை ஒரு பென்சில் தாளில் தானாக வரையும். வரும் வளைவின் வடிவத்தைப் பார்த்தே வால்வு தாமதமாகத் திறக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று சொல்லிவிடலாம். இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுப்பது போல எஞ்சினுக்கு. மனிதனுக்கு ஈ.சி.ஜி. வருவதற்கு நூறு வருடம் முன்பே எஞ்சினுக்கு வந்துவிட்டது! அந்தக் கம்பெனி அதைப் பல ஆண்டுகள் தொழில் ரகசியமாகவே வைத்திருந்தது.

அதே வகைக் கருவிதான் ருடால்ஃப் டீசலிடமும் இருந்தது. 1893 ஆகஸ்ட் 10, ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க். காற்றை மட்டும் கடுமையாக அழுத்தினாலே எரிபொருள் பற்றும் அளவுக்குச் சூடாகும் என்று நம்பினார். சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதன் பெரிய அண்ணன். முதல் சோதனையில் அழுத்தம் எண்பது வளிமண்டல அளவுக்குப் போய், அந்தக் கருவி வெடித்துச் சிதறியது. எஞ்சின் ஓடவில்லை. அவருக்கோ சந்தோஷம், எரிபொருள் பற்றிவிட்டது உறுதியாயிற்றே. 1894 பிப்ரவரி 17-ல்தான் அது ஒரு நிமிடம் தானாக ஓடியது. வெளியிலிருந்து பெல்ட் போட்டு எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். திடீரென எஞ்சின்தான் பெல்ட்டை இழுக்கிறது என்பதை முதலில் கவனித்தது லிண்டர் என்ற தொழிலாளி. ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றினாராம். சரியாக மூன்று வருடம் கழித்து, 1897 பிப்ரவரி 17-ல், பேராசிரியர் ஷ்ரோட்டர் சோதித்தபோது எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதம் வேலையாக மாறியது. அன்றைய நீராவி எஞ்சின்கள் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தன.

அந்த எஞ்சின் லாரிக்குள் நுழைய இன்னும் முப்பது வருடம் ஆனது. 1927-ல் பாஷ் கம்பெனி சின்ன டீசல் பம்பைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்ய ஆரம்பித்த பிறகு வழி அகலமானது. 1951-ல் தொடங்கிய மைகோ அதோடு தொடர்புடைய கம்பெனி. நம் பக்கத்து டிரைவர்கள் வாயில் இன்றும் மைகோ பம்புதான். இந்த டீசல் எஞ்சின் இல்லாவிட்டால் நாமக்கல் என்ற ஊருக்கு லாரிப் பட்டறைகள் ஏது?

பட்டறைக்குத் திரும்புவோம். இப்போது வரும் வண்டிகளில் கம்ப்யூட்டரே கோளாறு எண் சொல்லிவிடும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் அப்படிப்பட்ட ஒரே மாதிரி இணைப்பு கட்டாயம். தம்பி வண்டியில் அதெல்லாம் கிடையாது. அவன் கேட்ட கடைசிக் கேள்வி இதுதான்: "எப்பவாச்சும் நல்லா இழுக்குதாண்ணா?"

தம்பி யோசித்து, "பங்குல டீசல் போட்டுக் கிளம்பினா கொஞ்ச தூரம் நல்லா இழுக்குது. டீசல் போட்டவுடனே தெம்பா இருக்கும்போலன்னு நினைச்சேன்" என்றான்.

அவன் எழுந்து நேராக டேங்க் பக்கம் போனான். நாங்கள் அப்போதுதான் ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்திருந்தோம். மூடியைத் திருகியதும் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம், காற்று உள்ளே போகும் சத்தம். எனக்கே கேட்டது. பழைய மூடி தொலைந்து நாலு மாதம் ஆகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ரோட்டோரக் கடையில் அளவுக்குப் பொருந்துகிற ஏதோ ஒரு மூடி வாங்கிப் போட்டிருக்கிறான், உள்ளே ரப்பர் வாசரோடு இறுக்கமாக. அந்த வண்டியின் டேங்குக்குக் காற்று போகும் ஓட்டை மூடியில்தான் இருக்க வேண்டும். இதில் ஓட்டையே இல்லை. எஞ்சின் ஒரு லிட்டர் டீசல் குடித்தால் அந்த இடத்துக்கு ஒரு லிட்டர் காற்று வர வேண்டும். வரவில்லை என்றால் டேங்குக்குள் வெற்றிடம். பம்பு ஒரு பக்கம் இழுக்கிறது, வெற்றிடம் மறுபக்கம் இழுக்கிறது. நிறுத்தி வைத்தால் சின்னச் சின்ன இடுக்கு வழியே காற்று மெல்லப் புகுந்துவிடும், வண்டி பிழைக்கும். பங்கில் மூடியைத் திறந்தால் முழுசாகப் புகுந்துவிடும், நன்றாக இழுக்கும்.

"டீச்சர், நீங்க காட்டுன டின்னுதான் இது" என்றான் சிரித்துக்கொண்டே.

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. 1712-ல் சுரங்கத் தண்ணீரை இறைத்த அதே வெற்றிடம்தான் என் தம்பி வண்டியை இருபதாவது வளைவில் நிறுத்தியிருக்கிறது. எட்டாவதோடு நின்றவன் அதைக் கண்டுபிடித்தான். முப்பத்தைந்து வருடம் அதே டின்னை நசுக்கிக் காட்டிய நான் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் வேண்டாம் என்று அவன் மூடியைக் கழற்றி, வாயில் துணி மட்டும் கட்டி, மூட்டை ஏற்றியபடியே மலைக்கு ஓட்டிவரச் சொன்னான். தம்பி எழுபது வளைவும் நிற்காமல் ஏறிச் செம்மேட்டிலிருந்து போன் செய்தான். "அக்கா, மேல வந்துட்டேன்" என்றான், அவ்வளவுதான். பின்னால் யாரோ அழுவது போல இருந்தது. அவன் மனைவியும் கூடப் போயிருந்தாள்.

இன்னொரு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். 1994 வாக்கில் ஏழாம் வகுப்பில் ஒரு பெண், "டீச்சர், வாட் ரிப்பேர் பண்ணாருன்னு எங்க அண்ணன் புத்தகத்துல போட்டிருக்கு. அப்ப அதுக்கு முன்னாடியே எஞ்சின் இருந்துச்சா?" என்று கேட்டாள். "புத்தகத்துல உள்ளதை மட்டும் எழுது" என்றேன். காலாண்டுத் தேர்வில் அவள் 'வாட் அதைத் திருத்தினார்' என்று எழுத, நான் தப்பு போட்டேன். அவள் இந்தப் பதிவைப் பார்க்க வாய்ப்பிருக்கிறது. அம்மா, நீ எழுதியதுதான் சரி. அந்த ஒரு மதிப்பெண் உனக்கு உண்டு.

கீழே படத்தில் இருப்பதுதான் அந்த மூடி. இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. பழைய வண்டி வைத்திருக்கும் பிள்ளைகள் உங்கள் மூடியையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். சில வண்டிகளில் காற்றுக் குழாய் டேங்கின் மேலேயே தனியாக இருக்கும், அதில் மண் அடைத்திருந்தாலும் இதே கதைதான். புது மூடி நூற்றைம்பது ரூபாய். பட்டறைக்காரன் கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டான். தம்பி ஒரு பலாப்பழத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தான்.